இடுப்புவலி மாத்திரை: நிறம் பார்த்து விழுங்கலாமா?

உங்கள் வீட்டில் மருந்து போட்டு வைக்கும் டின் ஒன்று கட்டாயம் இருக்கும். பிஸ்கட் டின்னோ, மைலோ டின்னோ, ஏதோ ஒன்று. இதைப் படித்து முடித்ததும் அதை எடுத்து மேசைமேல் கொட்டிப் பாருங்கள். பாதி கிழிந்த பட்டைகள் இருக்கும். கிளினிக்கில் கொடுத்த சின்னச் சின்ன பிளாஸ்டிக் பைகள் இருக்கும். பையும் இல்லாமல் பட்டையும் இல்லாமல் தனியாக உருண்டு கிடக்கும் வெள்ளை மாத்திரைகள் நாலைந்தாவது இருக்கும். "இது என்ன மாத்திரை?" என்று வீட்டில் கேட்டால், "அதுவா, இடுப்பு வலிக்குப் போன வருசம் கொடுத்தது" என்று யாராவது பதில் சொல்வார்கள். "எப்படித் தெரியும்?" என்று கேட்டால், "வெள்ளையா வட்டமா இருக்கே" என்பார்கள்.

அந்த ஒரு பதிலைப் பற்றித்தான் உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

இடுப்பு வலி நம் மக்களுக்குப் புதிதல்ல. கித்தா மரம் வெட்டிய தலைமுறை குனிந்து குனிந்தே முதுகைத் தேய்த்துக் கொண்டது. செம்பனைக்கு மாறிய பிறகு, அண்ணாந்து குலை வெட்டுவதும், கனமான குலையைத் தூக்கி வண்டியில் எறிவதும் பிழைப்பானது. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குப் போன பிள்ளைகள் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார்கள். இல்லாவிட்டால் லோரி ஓட்டுகிறார்கள். எல்லாருக்கும் கடைசியில் வந்து சேர்வது அந்த இடுப்புப் பிடிப்புதான். டாக்டரிடம் போனால் வலி மாத்திரையோடு, தசையை இளக்கும் மாத்திரை ஒன்றும் கிடைக்கும். அதை நம் ஆட்கள் "நரம்பு மாத்திரை" என்று சொல்வார்கள். வைட்டமின் பி மாத்திரைக்கும் அதே பெயர்தான். குழப்பம் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது.

பள்ளிக்கூடம் விட்டதும் என்னிடம் கடிதம் படிக்க வருகிறவர்களைவிட மருந்துப் பையைப் படிக்க வருகிறவர்கள்தான் அதிகம். பையில் இருப்பது மலாயில் இருக்கும். சில சமயம் ஆங்கிலத்தில் இருக்கும். எழுபது வயதுப் பாட்டிக்கு இரண்டும் எட்டாது. ஒரு நாள் ஒரு பாட்டி இரண்டு பைகளை நீட்டினார். "டீச்சரம்மா, இதுல எது இடுப்புக்கு, எது தாத்தாவோட சர்க்கரைக்குன்னு பார்த்துச் சொல்லுமா. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு" என்றார். ஒரு பையில் மருந்தின் பெயர், அளவு, நேரம் எல்லாம் அச்சிட்டிருந்தது. அது அரசாங்க மருத்துவமனையில் தாத்தாவுக்குக் கொடுத்தது. ஏதோ ஒரு கிளினிக் கொடுத்த இன்னொரு பையில் "சாகிட் பிங்காங்" என்று பேனாவால் எழுதி இருந்தது. இடுப்பு வலி என்று பொருள். நோயின் பெயர் இருந்ததே தவிர, மருந்தின் பெயர் இல்லை!

பாட்டி சொன்னது உண்மை. இரண்டு பைகளிலும் இருந்தவை வெள்ளையாக, வட்டமாக, நடுவில் கோடு போட்டு இருந்தன. இதில் வியப்பில்லை. சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் கிளிக்லஸைடு 80 மில்லிகிராம் மாத்திரை பெரும்பாலும் வெள்ளை வட்டம். தசை இறுக்கத்துக்குக் கொடுக்கும் பக்லோபென் 10 மில்லிகிராம் மாத்திரையும் பெரும்பாலும் வெள்ளை வட்டம். சர்க்கரை நோயே இல்லாத ஒருவர் இடுப்பு வலி என்று கிளிக்லஸைடை விழுங்கினால் என்ன ஆகும்? இரத்தத்தில் உள்ள சர்க்கரை இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், மயக்கம் வரும். உயிருக்கே ஆபத்தாகலாம். எங்கள் பக்கத்து லயத்தில் ஓர் அம்மாவுக்கு இதுதான் நடந்தது. கணவரின் மாத்திரையை இடுப்புக்கென்று எடுத்துக் கொண்டார். சாப்பிடாமல் படுத்தவரை மருமகள் எழுப்பியபோது உடம்பு நனைந்து கிடந்தது. நல்ல வேளையாக மருமகள் அந்தப் பட்டையையும் கையில் எடுத்துக் கொண்டு மருத்துவமனைக்கு ஓடினாள். பட்டையில் பெயர் இருந்ததால் டாக்டருக்கு உடனே புரிந்துவிட்டது.

சரி, இந்தத் தசை மாத்திரைகள் என்ன செய்கின்றன? தசையில் நேராகப் போய் வேலை செய்கின்றன என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இவற்றில் பெரும்பாலானவை மூளையிலும் முதுகுத் தண்டிலும் வேலை செய்து, தசையை இறுக்கச் சொல்லும் கட்டளையைத் தணிக்கின்றன. அதனால்தான் இடுப்பு இளகும்போதே கண்ணும் சொக்குகிறது. தூக்கம் வருவதைப் பார்த்து "நல்லா வேலை செய்யுது" என்று சிலர் மகிழ்ச்சி அடைகிறார்கள். அந்தத் தூக்கத்தோடு லோரியில் ஏறி உட்கார்ந்தால் அந்த மகிழ்ச்சி எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல வேண்டியதில்லை. மருந்துப் பையில் "மெஙந்தோக்கான்" என்ற சொல்லைப் பார்த்தால் தூக்கம் வரவைக்கும் மருந்து என்று அறிந்து கொள்ளுங்கள். வண்டி ஓட்டக் கூடாது, இயந்திரத்தின் அருகில் நிற்கக் கூடாது. செம்பனை அரிவாளையும் அந்தக் கணக்கில் சேர்த்துக் கொள்ளலாம்.

நம் நாட்டில் அடிக்கடி கொடுக்கப்படும் தசை மாத்திரைகள் சில உண்டு. ஓர்பெனாட்ரின் என்ற மருந்தைப் பாரசெட்டமோலோடு சேர்த்துச் செய்தது ஒன்று. நோர்ஜெஸிக், அனாரெக்ஸ் என்ற பெயர்களில் பல வீடுகளில் பார்த்திருப்பீர்கள். எபெரிசோன் என்பது இன்னொன்று. மயோனல் என்ற பெயரில் வருவது. பக்கவாதம் வந்து கைகால் இறுகிப் போனவர்களுக்குப் பக்லோபென் கொடுப்பார்கள். டிஸானிடின் என்று ஒன்று உண்டு. டயஸெபாம் என்பது பழைய ஆள். வேலியம் என்றால் பெரியவர்களுக்குத் தெரியும். இது பழக்கத்துக்கு அடிமையாக்கும் மருந்து. அதனால் 1989ஆம் ஆண்டு விதிகளின் கீழ், கணக்கு எழுதி வைத்துத்தான் இதைக் கொடுக்க முடியும். அண்டை வீட்டாருக்கு "ஒண்ணு போட்டுக்குங்க" என்று தூக்கிக் கொடுக்கும் பொருள் அல்ல.

வேலியத்தை வைத்தே நிறத்தின் கதையைச் சொல்லிவிடலாம். ரோச் நிறுவனம் செய்த அசல் வேலியத்தில் 2 மில்லிகிராம் வெள்ளை, 5 மஞ்சள், 10 நீலம். பார்த்ததும் அளவு தெரியட்டும் என்று அப்படிச் செய்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதே டயஸெபாமை இன்று எத்தனையோ தொழிற்சாலைகள் செய்கின்றன. அவர்கள் அந்த நிறத்தையே பின்பற்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒருவரின் மஞ்சள் இன்னொருவருக்கு வெள்ளையாக இருக்கலாம். அரசாங்க மருத்துவமனையில் மருந்தை மொத்தமாக வாங்குகிறார்கள். செய்யும் நிறுவனம் மாறினால் மாத்திரையின் உருவமும் மாறும். "போன மாசம் ரோஸ் கலர், இந்த மாசம் வெள்ளை, மருந்து மாத்திட்டாங்க" என்று சாப்பிடாமல் விட்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். பழையதும் புதியதும் வேறு வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவதுதான் மோசம்.

அமெரிக்காவில் மாத்திரை ஒவ்வொன்றின் மீதும் எழுத்தோ எண்ணோ பொறித்திருக்க வேண்டும் என்று 1990களில் சட்டம் வந்தது. அந்தக் குறியை வைத்து என்ன மருந்து, யார் செய்தது என்று கண்டுபிடிக்கலாம். நம்மிடம் வந்து சேரும் மாத்திரைகளிலும் சிலவற்றில் குறி இருக்கிறது. பலவற்றில் நடுக்கோடு ஒன்றைத் தவிர வேறு எதுவும் இல்லை. இப்போது பிள்ளைகள் கைத்தொலைபேசியில் மாத்திரையைப் படம் பிடித்து, புலனத்தில் அனுப்பி, "இது என்ன மருந்து?" என்று கேட்கிறார்கள். நாலு பேர் நாலு பதில் சொல்கிறார்கள். படத்தைப் பார்த்து வெள்ளை மாத்திரைக்குப் பெயர் வைப்பது, சோற்றைப் பார்த்து எந்த வயலில் விளைந்தது என்று சொல்வதற்குச் சமம்.

பிறகு எதைப் பார்ப்பது? எழுத்தைப் பாருங்கள். 1952ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டம் நம் நாட்டில் இன்றும் நடப்பில் இருக்கிறது. அதன் விதிகளின்படி, கட்டுப்படுத்தப்பட்ட மருந்தைக் கொடுக்கும் கிளினிக்கும் மருந்துக்கடையும் பையின்மேல் நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், சாப்பிடும் முறை, கொடுத்த தேதி ஆகியவற்றை எழுதித் தர வேண்டும். "ஊபாட் தெர்காவால்" என்று அச்சிட்டிருப்பதும் இதற்காகத்தான். பெயர் எழுதாமல் கொடுத்தால், "தோலோங் துலிஸ் நாமா ஊபாட்" என்று கவுன்டரிலேயே கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். காசு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், நம் வயிற்றுக்குள் போவது என்ன என்று தெரிந்து கொள்வது நம் உரிமை.

பெட்டியிலோ புட்டியிலோ வாங்கினால் "எம்.ஏ.எல்." என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த மூன்று எழுத்துக்குப் பின் எட்டு இலக்கங்கள், கடைசியில் ஓர் எழுத்து வரும். 'ஏ' என்றால் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. 'எக்ஸ்' என்றால் பனடோல் போல எளிதில் வாங்கக் கூடியது. 'டி' என்றால் பாரம்பரிய மருந்து. பட்டையில் வந்த மாத்திரையாக இருந்தால் இன்னொரு சின்னப் பழக்கம் போதும். பெயரும் காலாவதித் தேதியும் பல பட்டைகளில் ஓர் ஓரத்தில் மட்டும்தான் அச்சாகி இருக்கும். எதிர் ஓரத்திலிருந்து மாத்திரையைப் பிதுக்கி எடுங்கள். பாதிப் பட்டை மிஞ்சினாலும் பெயர் மிஞ்சும். எங்கள் பெண்கள் கத்தரிக்கோலால் பட்டையை ஒவ்வொன்றாக நறுக்கி, அழகாக டப்பாவில் அடுக்கி வைப்பார்கள். பார்க்க நேர்த்தியாகத்தான் இருக்கிறது. பெயர்தான் குப்பைக்குப் போய்விடுகிறது.

இனி அளவுக்கு வருவோம். "பெரிய மாத்திரை பெரிய பவர்" என்பது நம்மிடையே வேரூன்றிய நம்பிக்கை. பாரசெட்டமோல் மாத்திரை ஒன்றில் 500 மில்லிகிராம் மருந்து. டிஸானிடின் மாத்திரையில் 2 அல்லது 4 மில்லிகிராம்தான். ஆனால் ஆளைக் கிறங்க வைப்பது அந்தச் சின்னதுதான். இரத்த அழுத்தத்தையும் இறக்கும். மருந்துக்கு மருந்து மில்லிகிராமை ஒப்பிடவே கூடாது. ஒரே மருந்துக்குள் மட்டும் ஒப்பிடுங்கள்.

பள்ளிக்கூடத்துக் கணக்கு ஒன்று போடுவோமா? பென்சிலை எடுங்கள். நோர்ஜெஸிக் வகை மாத்திரை ஒன்றில் ஓர்பெனாட்ரின் 35 மில்லிகிராம், பாரசெட்டமோல் 450 மில்லிகிராம். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு ஒரு வேளைக்கு இரண்டு, நாளைக்கு மூன்று வேளை. ஆக ஆறு மாத்திரை. ஆறு பெருக்கல் 450, மொத்தம் 2,700 மில்லிகிராம் பாரசெட்டமோல். இப்போது இடுப்பு வலி குறையவில்லை என்று வீட்டில் இருக்கும் பனடோலையும் இரண்டிரண்டாக மூன்று வேளை போடுகிறார் ஒருவர். ஆறு பெருக்கல் 500, அது 3,000. கூட்டினால் 5,700. ஆரோக்கியமான பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு உச்ச வரம்பு 4,000 மில்லிகிராம். மேற்கொண்டு சளி மாத்திரை ஒன்றும் போட்டால், அதிலும் பாரசெட்டமோல் இருக்க வாய்ப்புண்டு. இந்த மனிதர் எந்த மாத்திரையையும் சொன்ன அளவுக்கு மேல் சாப்பிடவில்லை. ஆனாலும் அவருடைய ஈரல் அடிவாங்குகிறது. பெயர் மூன்று, மருந்து ஒன்று என்பது அவருக்குத் தெரியாது. தினமும் குடிக்கிறவர்களுக்கு 4,000 என்ற வரம்பே அதிகம். டாக்டரைக் கேட்காமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

சீட்டில் சில எழுத்துகள் இருக்கும். "டி.டி.எஸ்." என்றால் நாளைக்கு மூன்று முறை. "பி.டி." இரண்டு முறை. "ஓ.என்." இரவில் மட்டும். "பி.ஆர்.என்." அல்லது "பிலா பெர்லு" என்றால் தேவைப்பட்டால் மட்டும். இந்தக் கடைசியை நம் ஆட்கள் கவனிப்பதே இல்லை. வலி நின்ற பிறகும் பை காலியாகும் வரை சாப்பிடுகிறார்கள். "செலெப்பாஸ் மாக்கான்" என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு. எபெரிசோன் 50 மில்லிகிராம் மாத்திரையை மூன்று வேளையும் சாப்பாட்டுக்குப் பின் ஒவ்வொன்றாகக் கொடுப்பது வழக்கம். மூன்று முறை என்றால் காலை, மதியம், இரவு என்று பரவலாக. மத்தியானம் மறந்துவிட்டேன் என்று இரவில் இரட்டையாகப் போடக் கூடாது. நடுக்கோடு இருந்தால் பாதியாக உடைக்கலாமா என்று கேட்பீர்கள். டாக்டர் பாதி என்று சொல்லியிருந்தால் உடைக்கலாம். மெல்ல மெல்லக் கரையும்படி செய்த மாத்திரையை உடைக்கவோ இடிக்கவோ கூடாது. நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

சாதாரண இடுப்புப் பிடிப்புக்கு இந்த மாத்திரைகள் சில நாட்களுக்குத்தான். மிஞ்சிப் போனால் இரண்டொரு வாரம். மாதக் கணக்கில் சாப்பிட வேண்டி வந்தால் வலிக்குக் காரணமே வேறாக இருக்கலாம். மறுபடி காட்ட வேண்டும். பக்கவாதத்துக்குப் பக்லோபென் சாப்பிடுகிறவர்கள் கதை இதற்கு நேர் எதிர். அவர்கள் நீண்ட நாள் சாப்பிட வேண்டியிருக்கும். திடீரென்று நிறுத்தவும் கூடாது. நிறுத்தினால் மனக்குழப்பம், இல்லாதது தெரிவது, வலிப்பு எல்லாம் வரலாம். மாத்திரை தீரும் முன்பே போய் வாங்கி வையுங்கள். பெருநாள் விடுமுறை வருகிறது என்றால் இன்னும் முன்பே.

யாருக்கு எது ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இடுப்பு வலிக்குப் போகும்போது மற்ற நோய்களை நாம் சொல்வதில்லை. "இடுப்புக்கு வந்தா கண்ணைப் பத்தி எதுக்குச் சொல்லணும்?" என்று ஒரு தாத்தா என்னையே கேட்டார். கண்ணில் அழுத்தம் இருப்பவர்களுக்கு ஓர்பெனாட்ரின் ஆகாது. புரோஸ்டேட் வீங்கிச் சிறுநீர் கஷ்டப்பட்டுப் போகும் ஆண்களுக்கும் ஆகாது, அடியோடு அடைத்துவிடும். வாய் வறட்சி, மலச்சிக்கல் மற்றவர்களுக்கும் வரும். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு, அதிலும் டயாலிசிஸ் செய்கிறவர்களுக்குப் பக்லோபென் உடம்பில் தேங்கி நினைவையே குழப்பும். நம் சமூகத்தில் சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெட்டவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். டிஸானிடினோடு சிப்ரோபுளோக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து சேரவே கூடாது. சிறுநீர்த் தொற்றுக்கு அதைக் கொடுப்பதுண்டு. ஒரு டாக்டர் ஒன்றையும் மற்றொரு டாக்டர் மற்றொன்றையும் கொடுத்தால், இரண்டையும் அறிந்தவர் நோயாளி ஒருவர்தான். ஆகவே எந்த டாக்டரிடம் போனாலும் சாப்பிடும் மருந்துகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டு போய்க் காட்டுங்கள்.

மதுவைப் பற்றி ஒரு வார்த்தை. சம்பள நாள் மாலையில் பீரோ சம்சுவோ குடித்துவிட்டு, அதன்மேல் தசை மாத்திரையும் போடுவது வேண்டவே வேண்டாம். டயஸெபாமோடு மது சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு அடங்கிப் போகலாம். வயதானவர்களுக்கு மது இல்லாமலேயே தள்ளாடும். இரவு கழிப்பறைக்கு எழும்போது விழுந்து இடுப்பெலும்பை முறித்துக் கொண்டால், இடுப்பு வலிக்குச் சாப்பிட்ட மாத்திரை என்ன புண்ணியம்?

பாசார் மாலாமில் பெயரில்லாத புட்டியிலும் பொட்டலத்திலும் விற்கும் மூட்டுவலி மாத்திரைகள் இருக்கின்றன. "மூலிகைதான் டீச்சர், ரெண்டே நாள்ல வலி பறந்துடுச்சு" என்பார்கள். இரண்டு நாளில் பறக்கிறதே என்பதுதான் எனக்குச் சந்தேகம். இத்தகைய மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். பல மாதம் சாப்பிட்டவர் சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்து. இதில் நிறம் பார்த்துக் கண்டுபிடிக்க எதுவுமே இல்லை. பதிவு எண் இல்லையென்றால் வாங்காதீர்கள். ஏற்கனவே நீண்ட நாள் சாப்பிட்டு வருகிறவர் அந்தப் புட்டியோடு டாக்டரிடம் போக வேண்டும்.

மேசைமேல் கொட்டிய டின்னுக்குத் திரும்புங்கள். பெயர் தெரிந்தவற்றைப் பட்டையோடு, ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பையில் போடுங்கள். கணவருடையது ஒரு பை, மனைவியுடையது ஒரு பை, பாட்டியுடையது ஒரு பை. பையின்மேல் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். எழுதத் தெரிந்த பேரப்பிள்ளை வீட்டில் கட்டாயம் இருப்பான். பெயர் தெரியாதவற்றையும், தேதி முடிந்தவற்றையும் அரசாங்க மருத்துவமனை மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்துவிடலாம், வாங்கிக் கொள்வார்கள். சாக்கடையிலோ கழிப்பறையிலோ கொட்ட வேண்டாம். எந்த மாத்திரை என்று தெரிய வேண்டுமானால், பையோடு மருந்தாளரிடம் காட்டிக் கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால் அது குப்பைதான்.

பிள்ளைகள் உள்ள வீட்டில் டின் உயரத்தில் இருக்கட்டும், மூடி இறுக்கமாக இருக்கட்டும். வெள்ளை மாத்திரை குழந்தைக்கு மிட்டாய். ஓர்பெனாட்ரின் குழந்தை உடம்புக்குக் கொடிய விஷம். சில மாத்திரைகளே போதும். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் புகட்டாதீர்கள், "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று படுக்க வைக்காதீர்கள். 999க்கு அழையுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் மருத்துவமனைக்கு விரையுங்கள். பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நஞ்சு மையம் இருக்கிறது. மருத்துவமனை டாக்டர்கள் அங்கே விவரம் கேட்டுக் கொள்வார்கள். நீங்கள் கையில் எடுத்துப் போக வேண்டியது மிச்ச மாத்திரையும், பட்டையும், பையும். எத்தனை இருந்தது, இப்போது எத்தனை இருக்கிறது, எத்தனை மணிக்கு நடந்தது என்ற கணக்கும்.